வாசலில் நிறுத்திவைத்த ஆகாயக் கப்பல்

கையில் திடீரென்று ஒரு பெரிய தொகை வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீடு வாங்கியாயிற்று, கார் வாங்கியாயிற்று, தங்கை கல்யாணமும் முடிந்தாயிற்று. அப்புறமும் பணம் மிச்சம் இருக்கிறது. சொந்தமாக ஒரு விமானம் வாங்கினால் என்ன என்று ஆசை வந்தால் எதை வாங்குவது? இன்றைக்கு இந்தக் கேள்விக்குக் கடை இருக்கிறது, விலைப்பட்டியல் இருக்கிறது. நாலு பேர் உட்காரும் செஸ்னாவில் தொடங்கி, கண்டம் விட்டுக் கண்டம் பறக்கும் கல்ஃப்ஸ்ட்ரீம் வரை வரிசையாக நிற்கின்றன. பைலட் சம்பளம், நிறுத்துமிட வாடகை, பெட்ரோல், பராமரிப்பு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பெருமூச்சோடு பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விடலாம் :-)

1892-ல் பதினெட்டு வயதுப் பையன் ஒருவனிடம் இதே ஆசை இருந்தது. அதற்கு வேண்டிய பணமும் இருந்தது. கடைதான் இல்லை. விமானம் என்ற பொருளே அப்போது உலகத்தில் கிடையாது. ஆகவே அவன் தனக்கு வேண்டியதைத் தானே செய்யவைத்துக்கொண்டான். ஒன்றல்ல, இருபதுக்குப் பக்கம். அவன் பெயர் ஆல்பர்ட்டோ சாண்டோஸ் டூமோன். பிரேசில்காரர். (பையன் என்றே கடைசிவரை எழுத முடியாது, இனி மரியாதையாகவே எழுதலாம்.)

பணம் வந்த வழியை முதலில் பார்த்துவிடுவோம். காப்பி. அப்பா ஹென்ரிக் டூமோன் பிரெஞ்சு வம்சாவளி, பாரிஸில் படித்த இன்ஜினியர். சாவோ பாலோ மாநிலத்தில் ரிபெய்ராவ் ப்ரெத்தோ பக்கம் பல லட்சம் காப்பிச் செடிகள் கொண்ட தோட்டம். பழத்தைக் களத்துக்குக் கொண்டுவரத் தோட்டத்துக்குள்ளேயே சொந்த ரயில் பாதை. பன்னிரண்டு வயதில் ஆல்பர்ட்டோ அந்தப் பாதையில் பால்ட்வின் நீராவி இன்ஜினை ஓட்டிக்கொண்டிருந்தார். காப்பிக் கொட்டையைக் கழுவி, காயவைத்து, தோல் நீக்கும் இயந்திரங்களுக்கு நடுவே வளர்ந்தவர். படித்த கதைகள் எல்லாம் ஜூல்ஸ் வெர்ன்.

அப்பா குதிரை வண்டியிலிருந்து விழுந்து ஒரு பக்கம் செயலிழந்துபோனார். தோட்டத்தை விற்றார்கள். 1891-ல் வைத்தியத்துக்காகக் குடும்பம் ஐரோப்பா போனது. அடுத்த வருடம் அப்பா மகனுக்குச் சட்டப்படி முழு உரிமை எழுதிக்கொடுத்து, அவன் பங்கையும் கையில் கொடுத்தார். கூடவே ஒரு யோசனையும் சொன்னார்: பட்டம் வேண்டாம், பாரிஸுக்குப் போ, இயற்பியல், வேதியியல், மின்சாரம், இயந்திரவியல் தெரிந்த ஆள் ஒருவரைப் பிடித்துப் படி, பிழைப்புக்காக நீ உழைக்க வேண்டியதில்லை. இப்படி ஒரு அப்பா எத்தனை பேருக்கு வாய்க்கும்? அதே 1892-ல் அவர் இறந்தும் போனார்.

இனிமேல் நடந்ததைப் படிக்கும்போது, பணக்கார வீட்டுப் பிள்ளை ஒருவன் காசைக் காற்றில் விட்ட கதை என்று தோன்றலாம். ஆனால் சாண்டோஸ் டூமோன் கணக்குப் பார்க்கிற ஆள். அதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது.

1891-ல் குடும்பத்தோடு பாரிஸ் வந்தபோதே அவர் பலூனில் ஏற ஆசைப்பட்டார். தொழில்முறையாகப் பலூன் விடும் ஒருவரைத் தேடிப் போனார். ஒரு முறை ஏற்றிப்போக 1,200 பிராங்க் கேட்டார் அந்த மனிதர். போதாததற்கு, இறங்கும் இடத்தில் பயிரோ கூரையோ சேதமானால் அதுவும், பலூனையும் ஆளையும் ரயிலில் திருப்பிக் கொண்டுவரும் செலவும் பையன் தலையில். பையன் யோசித்தான். இந்தச் சவாரி பிடிக்காமல் போனால் 1,200 பிராங்க் வீண். பிடித்துப்போனால் இன்னும் மோசம், திரும்பத் திரும்பப் போகத் தோன்றும், அதற்குக் கட்டுப்படியாகாது. ஆகவே வேண்டாம். அந்த ஆசையை ஒத்திவைத்துவிட்டு ஒரு பியூஜோ கார் வாங்கினான். வாய்ப்புச் செலவு என்று பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கத்துக்கு விளக்குவதை இதைவிட ஒழுங்காகச் சொல்ல முடியாது.

சொத்து கைக்கு வந்த பிறகும் அவசரப்படவில்லை. ஐந்தாறு வருடம் படிப்பு, கார், மோட்டார் ட்ரைசைக்கிள் என்று போனது. 1897-ல் ரியோவில் ஒரு புத்தகம் கிடைத்தது. ஆந்த்ரே என்ற ஸ்வீடன்காரர் வட துருவத்துக்குப் போகப் பாரிஸில் பலூன் செய்துகொண்டாரே, அதைச் செய்த லாஷாம்ப்ர், மாஷுரோன் இருவரும் எழுதிய புத்தகம். பாரிஸ் திரும்பியதும் நேராக அவர்களிடம் போனார். அவர்கள் கேட்டது 250 பிராங்க். எல்லாச் செலவும் அதில் அடக்கம்! ஆறேழு வருடமாகத் தன்னை மிரட்டிவைத்திருந்தது ஆபத்து அல்ல, இடைத்தரகர் விலைதான் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

1898 மார்ச் 23-ஆம் தேதி மாஷுரோனோடு மேலே போனார். கோழி, முட்டை, ஐஸ்கிரீம், ஷாம்பெயின் என்று மேகத்துக்கு நடுவே மதியச் சாப்பாடு. இறங்கும் முன்பே சொந்தப் பலூன் வேண்டும் என்று முடிவாகிவிட்டது.

அவர் கேட்ட பலூன்தான் ஆச்சரியம். பணம் இருப்பவன் பெரிதாகக் கேட்பான் என்பது வழக்கம். இவர் கேட்டது, அதுவரை எவரும் செய்யாத அளவுக்குச் சின்னது. அன்றைக்குப் பாரிஸில் சாதாரணமாக விட்ட பலூன் 500 முதல் 2,000 கன மீட்டர் வாயு பிடிக்கும். இவருக்கு 100 சொச்சம் போதும். துணி, ஜப்பான் பட்டு. லாஷாம்ப்ர் இது விளையாட்டு என்று நினைத்தார். இவ்வளவு மெல்லிய பட்டு தாங்காது, இவ்வளவு சின்னப் பலூனில் ஆள் அசைந்தாலே கவிழும் என்றார். பட்டை இழுத்துச் சோதித்துப் பார்த்தார்கள், தாங்கியது. கூடையைத் தாங்கும் கயிறுகளை நீளமாக விட்டால் ஆட்டம் குறையும் என்றார் சாண்டோஸ் டூமோன். அதுவும் சரியாக இருந்தது. 1898 ஜூலை 4-ஆம் தேதி ‘பிரேசில்’ என்ற அந்தப் பலூன் பறந்தது. 113 கன மீட்டர் ஹைட்ரஜன். கூடை, வலை, எல்லாம் சேர்த்து முப்பது கிலோவுக்கும் குறைவு. இறங்கியதும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறலாம்.

ஆள் ஐம்பது கிலோதான் இருப்பார், குள்ளம். பணமும் உடம்பும் சேர்ந்து அவருடைய ரசனையைத் தீர்மானித்தன என்று சொல்லலாம். பிற்காலத்தில் அவர் செய்த நல்ல சாதனங்கள் எல்லாமே இந்த வழியில்தான்: எதைச் சேர்க்கலாம் என்று அல்ல, எதைக் கழிக்கலாம் என்று பார்ப்பது.

பலூனில் ஒரு குறை. காற்று போகும் பக்கம்தான் அதுவும் போகும். நினைத்த இடத்துக்குப் போக முடியாத வண்டி என்ன வண்டி? சுருட்டு மாதிரி நீளமாகப் பையைச் செய்து, கீழே ஒரு பெட்ரோல் இன்ஜினும், விசிறியும், சுக்கானும் மாட்டினால் ஓட்டலாம். ஹைட்ரஜனுக்குக் கீழே நெருப்புக் கக்கும் இன்ஜினா என்று நண்பர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பயம் நியாயம்தான். 1902-ல் அவருடைய நாட்டுக்காரரே ஆன அகுஸ்தோ செவெரோ, பாரிஸுக்கு மேலே தன் ‘பாக்ஸ்’ கப்பல் வெடித்து உயிரிழந்தார்.

1898 செப்டம்பரில் ‘எண் 1’ தயார். இன்ஜின், ட்ரைசைக்கிளில் இருந்தது, 3½ குதிரைத்திறன். முதல் நாள், பக்கத்திலிருந்தவர்கள் பேச்சைக் கேட்டுக் காற்றோடு கிளம்பி மரத்தில் மோதினார். இரண்டு நாள் கழித்து, தன் புத்திப்படி காற்றுக்கு எதிரே கிளம்பி, நினைத்தபடி திருப்பி ஓட்டினார். ஆனால் இறங்கும்போது வாயு சுருங்கியது. உள்ளே காற்று அடைக்கும் பம்பு போதவில்லை. பை நடுவில் பேனாக்கத்தி மாதிரி மடங்கிவிட்டது. நானூறு மீட்டர் உயரத்திலிருந்து கீழே வருகிறார். புல்வெளியில் சில பையன்கள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். தொங்கிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு எதிர்த் திசையில் ஓடுங்கள் என்று கத்தினார். பையன்களுக்குச் சொல்லியா தரவேண்டும்? உடனே புரிந்துகொண்டு ஓடினார்கள். ஆகாயக் கப்பல் ஒரு பெரிய பட்டமாக மாறி, மெல்ல இறங்கியது.

எண் 2, 3, 4, 5 என்று வரிசையாக வந்தன. எண் 3-க்கு ஹைட்ரஜனுக்குப் பதில், தெருவிளக்கு எரிக்கும் நிலக்கரி வாயுவைப் பயன்படுத்தினார். தூக்கும் சக்தி குறைவு, விலையும் குறைவு. சான் க்ளூவில் கொட்டகை போட்டுக்கொண்டதும் கணக்குப் பார்த்துத்தான். ஒவ்வொரு நாளும் வாயுவை வீணாக வெளியே விட்டு மறுபடி நிரப்புவதைவிட, நிரப்பியபடியே நிறுத்திவைத்தால் மிச்சம்.

உலகப் புகழ் தந்த பந்தயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், பல இடங்களில் எழுதப்பட்டதுதான். ஹென்றி டாய்ச் என்ற எண்ணெய் வியாபாரி 1900-ல் ஒரு லட்சம் பிராங்க் பரிசு அறிவித்தார். சான் க்ளூவிலிருந்து கிளம்பி, ஈஃபில் கோபுரத்தைச் சுற்றிவிட்டு முப்பது நிமிடத்துக்குள் திரும்ப வேண்டும். 1901 ஆகஸ்ட் 8-ஆம் தேதி எண் 5-ல் முயன்றபோது வாயு கசிந்தது, தொய்ந்த கம்பிகளை விசிறி வெட்டப் பார்த்தது. இன்ஜினை நிறுத்தியதும் கப்பல் ஓர் ஓட்டல் கூரையில் மோதிப் பை கிழிந்தது. சுவரோரம் தொங்கிக்கொண்டிருந்தவரைத் தீயணைப்பு வீரர்கள் கயிறு போட்டு மேலே இழுத்தார்கள். அன்றைக்கே எண் 6 செய்ய உத்தரவு போட்டார். 22 நாளில் தயார். அக்டோபர் 19-ஆம் தேதி 29 நிமிடம் 30 நொடியில் கோட்டைத் தாண்டினார். ஆனால் கயிற்றைப் பிடித்துக் கப்பலை நிறுத்தும்போது அரை மணி கடந்துவிட்டது என்று நடுவர்கள் இழுத்தடித்தார்கள். கூட்டம் கொதித்தது. கடைசியில் கொடுத்தார்கள். தொகையை அவர் தன் மெக்கானிக்குகளுக்கும் பாரிஸ் ஏழைகளுக்கும் பிரித்துக்கொடுத்துவிட்டார். அதில் ஒரு பகுதி, அடகுக்கடையில் கிடந்த தொழிலாளிகளின் கருவிகளை மீட்கப் போனது. தானம் என்றால் இப்படி யோசித்துச் செய்ய வேண்டும். பிரேசில் அரசும் தன் பங்குக்கு 100 கோன்தோ அனுப்பியது.

இதற்குப் பிறகு எவரும் செய்வது, இன்னும் பெரியது, இன்னும் வேகம். அவரும் பந்தயத்துக்கென்று எண் 7, நிறையப் பேரை ஏற்றிப்போக எண் 10 என்று செய்யத்தான் செய்தார். (எண் 8 கிடையாது. விபத்து நடந்தது எட்டாம் மாதம் எட்டாம் தேதி அல்லவா! அறிவியல்காரருக்கும் ராகுகாலம் உண்டு.) ஆனால் மனதுக்குப் பிடித்தது எண் 9. அதுதான் இந்தக் கட்டுரையின் நாயகன்.

எண் 6 முப்பத்து மூன்று மீட்டர் நீளம். எண் 9 சுமார் பன்னிரண்டு மீட்டர். இன்ஜின் 3 குதிரைத்திறன், எடை 12 கிலோ. மணிக்கு இருபது கிலோமீட்டர் போனால் பெரிய விஷயம், நல்ல சைக்கிள்காரர் முந்திவிடுவார். பாரிஸ்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ‘பலாதூஸ்’, ஊர்சுற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பரிசையும் வெல்ல முடியாத கப்பல். ஒரு மனிதன் காலையில் எழுந்து, இன்றைக்கு எங்கே போகலாம் என்று யோசித்துக் கிளம்புவதற்காகச் செய்தது.

1903 கோடையில் பாரிஸ் ஜனங்கள் அண்ணாந்து பார்த்தபடி நடந்தார்கள். நெய்யியில் இருந்த தன் கொட்டகையிலிருந்து கிளம்பி, புவா த புலோன் பூங்காவில் உள்ள உணவகத்தில் இறங்கி எதையாவது குடித்துவிட்டுப் போவார். ஜூன் 23-ஆம் தேதி அதிகாலை, ஷான்ஸ் எலிசே சாலையின் மேலே கூரை உயரத்தில் வந்தார். ரூ வாஷிங்டன் முனையில் அவர் வீடு. வாசலில் இறங்கினார். வேலைக்காரர்கள் கப்பலைப் பிடித்துக்கொண்டார்கள். மாடி ஏறிப் போய் ஒரு கப் காப்பி குடித்துவிட்டு, திரும்ப வந்து ஏறிப் போய்விட்டார். குதிரை வண்டி நிற்கும் இடத்தில் ஆகாயக் கப்பல்! காப்பித் தோட்டத்துப் பணம், காப்பிக்காகவே இறங்கியது என்பது தற்செயல்தான். ஆனால் நன்றாக இருக்கிறது.

ஜூலை 14-ஆம் தேதி, லோன்ஷாம் மைதானத்தில் ராணுவ அணிவகுப்பு. குடியரசுத் தலைவரின் மேடைக்கு எதிரே வந்து ரிவால்வரால் 21 முறை சுட்டு மரியாதை செய்துவிட்டுப் போனார்.

அந்த ஜூன் மாதக் கடைசியில் இன்னொன்றும் நடந்தது. ஐதா த அகோஸ்தா என்ற அமெரிக்கப் பெண், எண் 9-ஐத் தனியாக ஓட்டினார். சாண்டோஸ் டூமோன் தன் கப்பலைப் பிறர் கையில் கொடுக்காதவர். சில பாடங்கள் சொல்லித்தந்துவிட்டு, கீழே சைக்கிளில் துரத்திக்கொண்டே சைகை காட்டினார். அந்தப் பெண் போலோ ஆட்டம் நடந்த பகாத்தெல் மைதானத்தில் இறங்கி, ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்பவும் ஓட்டிப் போனார். இன்ஜின் வைத்த பறக்கும் சாதனத்தைத் தனியாக ஓட்டிய முதல் பெண். ரைட் சகோதரர்கள் பறக்க இன்னும் ஆறு மாதம் இருந்தது. பெண் பெயர் பத்திரிகையில் வரக்கூடாது என்று பெற்றோர் பதறி, விஷயத்தை அமுக்கிவிட்டார்கள். உலகத்துக்கு இது தெரியப் பல வருடம் ஆனது.

எண் 9-ல் ஒரு உண்மையை மறைக்க முடியாது. காற்று பலமாக அடிக்கும் நாளில் அது கொட்டகையை விட்டு வெளியே வராது. கொட்டகை, வாயு, ஆட்கள் எல்லாம் வேண்டும். வண்டி சின்னதாகிவிட்டது, அதன் பின்னால் நிற்கும் செலவு சின்னதாகவில்லை. அந்தச் செலவு ஒரு பணக்காரரால்தான் முடியும். தனி மனிதனின் வாகனம் என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு இது உறுத்தியிருக்க வேண்டும்.

வாயுவே இல்லாமல் பறக்க முடியுமா என்று அடுத்துப் பார்த்தார். எண் 14 ஆகாயக் கப்பலுக்குக் கீழே கட்டித் தொங்கவிட்டுச் சோதித்ததால் ‘14-பிஸ்’ என்று பெயர் பெற்ற விமானம், 1906 அக்டோபர் 23-ஆம் தேதி பகாத்தெலில் 60 மீட்டர் பறந்தது, நவம்பர் 12-ஆம் தேதி 220 மீட்டர். பார்ப்பதற்கு வாலை முன்னால் வைத்துப் பறக்கும் வாத்து. முதல் விமானம் இதுவா, 1903 டிசம்பர் 17-ஆம் தேதி பறந்த ரைட் சகோதரர்களுடையதா என்று பிரேசிலில் கேட்டால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். தேதி ரைட் பக்கம்தான். ஊர் கூடிப் பார்க்க, அதிகாரிகள் அளக்க, தன் சக்கரத்தில் உருண்டு எழும்பியது என்ற பெருமை இவர் பக்கம்.

அவர் தேடியது 1907-ல் தொடங்கி 1909-ல் முழுமையாக வந்தது. ‘தெமுவாசெல்’. பிரெஞ்சில் இளம்பெண் என்றும் பொருள், தட்டாம்பூச்சி என்றும் பொருள். உடல் மூங்கில், இறக்கை பட்டு. இறக்கைக்கு இறக்கை ஐந்தரை மீட்டர். எடை சுமார் 110 கிலோ, இரண்டு பேர் தள்ளலாம். காரின் பின்பக்கம் வைத்துக் கட்டிக்கொண்டு போகலாம். ஓட்டுபவர் இறக்கைக்குக் கீழே, சக்கரங்களுக்கு நடுவே உட்கார வேண்டும். இறக்கையை முறுக்கும் நெம்புகோல் அவருடைய கோட்டின் முதுகுப் பக்கப் பையில் செருகியிருக்கும். உடம்பைச் சாய்த்தால் விமானம் சாயும். 1909 செப்டம்பரில் இதில் ஏறி நண்பர் ஒருவரின் மாளிகைப் புல்வெளியில் போய் இறங்கினார். பெரிய கொட்டகை வேண்டாம், வாயு வேண்டாம், கயிறு பிடிக்க ஆள் வேண்டாம்.

இங்கேதான் ஒரு வணிகவியல் மாணவர் நிமிர்ந்து உட்கார வேண்டும். தெமுவாசெலுக்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார். 1910-ல் அமெரிக்காவின் ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’ பத்திரிகை, வீட்டில் செய்துகொள்ளும்படி வரைபடங்களோடு வெளியிட்டது. அதே காலத்தில் ரைட் சகோதரர்கள் தங்கள் காப்புரிமையைக் காக்க கர்ட்டிஸ் மீது வழக்குப் போட்டிருந்தார்கள். இவரை வள்ளல் என்றும் அவர்களைக் கஞ்சர்கள் என்றும் எழுதுவது சுலபம். ஆனால் அவர்கள் சைக்கிள் கடை லாபத்தில் விமானம் செய்தவர்கள், போட்ட முதலை எடுத்தாக வேண்டும். இவருக்குப் பின்னால் ஒரு காப்பித் தோட்டம் நின்றது. தாராளத்துக்கும் ஒரு மூலதனம் வேண்டியிருக்கிறது.

இலவசமாகக் கொடுத்தும் சந்தை அமைந்ததா? க்ளெமான் பயார் தொழிற்சாலை 100 தெமுவாசெல் செய்யத் திட்டமிட்டது. 50 செய்தது. விமான உடல் ஒன்று 7,500 பிராங்க் என்று விற்றதில், போனது 15. பின்னால் பெரும் புகழ் பெற்ற ரோலான் காரோஸ் பறக்கத் தொடங்கியது தெமுவாசெலில்தான் என்றாலும், அந்த விமானம் ஐம்பது கிலோ ஆள் ஒருவர் தன் அளவுக்குத் தைத்துக்கொண்ட சட்டை. மற்றவர்களுக்கு அது பிடித்தது, பொருந்தவில்லை.

1910 ஜனவரியில் பறந்துகொண்டிருந்தபோது கம்பி அறுந்து தெமுவாசெல் விழுந்தது. உயிர் தப்பினார். அதே வருடம் பறப்பதை நிறுத்திக்கொண்டார். நரம்புகளைத் தாக்கும் நோய் தொடங்கியிருந்தது. வயது 36.

மீதி வருடங்கள் பறக்காதவை. 1914-ல் போர் வந்தபோது, கடற்கரை வீட்டில் தொலைநோக்கி வைத்து வானம் பார்த்துக்கொண்டிருந்தவரை, ஜெர்மானிய உளவாளி என்று பக்கத்து வீட்டார் போலீசில் சொன்னார்கள். சோதனையிட்டு, தவறு என்று தெரிந்து, மன்னிப்புக் கேட்டார்கள். அவர் தன் காகிதங்களில் பெரும்பகுதியை எரித்துவிட்டார். அந்தப் போரில் விமானங்களை வாங்கியவர்கள் அரசாங்கங்கள். பதினைந்து அல்ல, ஆயிரக்கணக்கில். 1926-ல் விமானத்தைப் போர்க் கருவியாகப் பயன்படுத்துவதைத் தடை செய்யுங்கள் என்று சர்வதேச சங்கத்துக்கு முறையிட்டார். நடக்கவில்லை.

1928 டிசம்பர் 3-ஆம் தேதி கப்பலில் ரியோ துறைமுகத்துக்குள் வந்தார். வரவேற்க, அவருடைய பெயரையே சூட்டிய ஒரு கடல் விமானம் அறிஞர்கள் சிலரை ஏற்றிக்கொண்டு கப்பலின் மேலே வந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீரில் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. வரவேற்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இறந்தவர்களின் அடக்கத்துக்குப் போனார்.

1932 ஜூலையில் சாவோ பாலோ மாநிலம் மத்திய அரசுக்கு எதிராக எழுந்தது. இரு பக்கமும் பிரேசில்காரர்கள், வானத்தில் போர் விமானங்கள். கடற்கரை ஊரான குவாருஜாவில் ஓர் ஓட்டலில் தங்கியிருந்த சாண்டோஸ் டூமோன், ஜூலை 23-ஆம் தேதி தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். மூன்று நாள் முன்புதான் 59 வயது நிறைந்திருந்தது.

தெமுவாசெல் ஒன்று இன்றும் பாரிஸுக்கு வெளியே லு பூர்ஷேயில், விமான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லு பூர்ஷே விமான நிலையத்தில் இப்போது பயணிகள் விமானச் சேவை கிடையாது. ஐரோப்பாவில் தனியார் ஜெட்டுகள் அதிகம் வந்து இறங்கும் இடங்களில் அது முதன்மையானது. மூங்கிலும் பட்டும் உள்ளே, கல்ஃப்ஸ்ட்ரீம்கள் வெளியே.